அண்ணன் பகிடி விடவில்லை

யாழ்ப்பாணத்தில் ஒரு மனநல மருத்துவரின் அறைக்கு வெளியே, பிளாஸ்டிக் கதிரைகளில் நானும் அண்ணனும் காத்திருந்த பின்னேரம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அதிகம் கதைக்க மாட்டேன். பந்தடிக்கப் போகாமல் பூங்கன்றுகளோடு கிடப்பேன். பெண்களைக் கண்டால் குனிந்துகொள்வேன். "உவன் ஒரு மாதிரி வளருறான், ஒருக்காக் காட்டிக்கொண்டு வா" என்று அம்மாதான் எங்களை அனுப்பியிருந்தார்.

அண்ணன் எனக்கு நேரெதிர். எங்கள் ஊர் இணுவிலில் அவருடைய குரல் கேட்காத கலியாணவீடு இல்லை. கரப்பந்தாட்ட அணிக்குத் தலைவர். வாயைத் திறந்தால் சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

மருத்துவர் என்னோடு கதைத்துவிட்டு, கூச்சம் ஒரு வருத்தமில்லை, அதற்கு மருந்தும் தேவையில்லை என்றார். ஒருவர் அமைதியானவரா கலகலப்பானவரா என்பதை வைத்து அவர் மனம் யாரை நாடும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். திரும்பும் வழியில் அண்ணன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"அம்மா உன்னைப் பார்த்துத்தான் பயப்பிடுறா. ஆனா அது நீ இல்லையடா, நான். எனக்கு ஆம்பிளையளிலைதான் விருப்பம்."

அந்த முகத்தைச் சிரிப்பில்லாமல் நான் கண்டது அன்றுதான்.

சில மாதங்களில் பண்டத்தரிப்பில் அவருக்குப் பெண் பேசினார்கள். மத்தியானச் சாப்பாட்டில் என்னிடம் சொன்னதையே அண்ணன் அம்மாவிடமும் அப்பாவிடமும் சொன்னார். அப்பா புரைக்கேறும்வரை சிரித்தார். "உனக்கு எதிலைதான் பகிடி இல்லை?" என்று அம்மா இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

அண்ணன் அந்தப் பெண்ணையே தேடிப் போய் உள்ளதைச் சொன்னார்.

"வீட்டிலை சொன்னனீங்களே?" என்று அவள் கேட்டாளாம்.

"சொன்னனான். சிரிக்கினம்."

அவள் சிரிக்கவில்லை. தனக்கு விருப்பமில்லை என்று தன் வீட்டில் சொல்லிவிட்டாள். இரண்டு வீட்டாரும் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். அது பொறுக்காமல் அண்ணன் வீட்டில் மறுபடியும் சொன்னார், இம்முறை அழுதுகொண்டு. அம்மா எழுந்து குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

இன்று எனக்கு மனைவி, ஒரு மகள். அண்ணன் வவுனியாவில் தனியாக இருக்கிறார். நல்லநாளுக்கு வந்தால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். கலியாணம் குழம்பிய கவலை என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

போன பொங்கலன்று, அண்ணன் திரும்பிப் புறப்படும் நேரம், அம்மா என் கையைப் பிடித்தார்.

"அவனை என்னோடை ஒருக்காக் கதைக்கச் சொல்லு, தம்பி."

"அவர் கதைச்சவர் அம்மா. இனி நீங்கள்தான் கதைக்க வேணும்."

அம்மா வாசல்வரை போனார். அண்ணன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாறன் அம்மா" என்றார். "ஓம்" என்றார் அம்மா. அண்ணன் போனதும் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.