அறுபத்தேழாம் எண் தட்டு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஜெல்லக்கா என்று பெயர். சேர்ந்த புதிதில் கண்ணாடிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள். கை நிதானத்தைப் பார்த்துவிட்டு, கூடத்தின் தலைவியான மேடம் அவளுக்கு ஜெல் ஊற்றும் வேலையைக் கொடுத்தார். இரண்டு திரவங்களைக் கலந்து வட்டத் தட்டில் ஊற்றினால் கண்ணாடிபோலத் தெளிவாக உறையும். கலக்கும் அளவைக் கொஞ்சம் மாற்றினால் போதும், ஒன்று மெத்தென்று இருக்கும், இன்னொன்று விறைத்துக்கொண்டு நிற்கும். அவற்றின் மேல் மற்றவர்கள் மனித செல்களை வளர்த்து, எந்தத் தரையில் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பார்கள். பதினோரு வருஷத்தில் அவள் ஊற்றிய ஜெல் ஒன்றுகூடச் சொதப்பியதில்லை என்று மேடம் வருகிறவர்களிடம் சொல்வார். அப்போதெல்லாம் அவள் இரண்டு கைகளையும் மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொள்வாள்.

அவள் கணவர் சமையலறை மேடைக்குக் கல் அறுக்கிறவர். இருபது வருஷம் அறுத்தார். பட்டறையில் வெள்ளைத் தூசி இடுப்பளவு மிதக்கும்; மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொள்வதோடு சரி. நாற்பத்தாறு வயதில், மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று சுவரிலிருந்த மின்சார மீட்டரைப் படிப்பதுபோல் பாவனை செய்ய ஆரம்பித்தார். மூன்று மாதம் அவளும் அதை நம்பினாள். பிறகு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, நுரையீரல் தழும்பேறிக் கெட்டியாகிக்கொண்டிருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார். "நீதான் அந்த மாதிரி இடத்துல வேலை பாக்குறியே. எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"உதட்டைத் தொட்டுப் பாருங்க. நல்ல நுரையீரல் அதைவிடவும் மெத்துன்னு இருக்கும். இப்ப நெத்தியைத் தொடுங்க."

தொட்டார்.

"உங்களுது இப்ப இப்படி ஆயிட்டு வருது. செல்லுக்குக் கண்ணு கிடையாது. தரையைப் பிடிச்சு இழுத்துப் பாக்கும். தரை இழுத்த இழுப்புக்கு வந்தா அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். வரலைன்னா இன்னும் பலமா இழுக்கும், காலைப் பரப்பி உக்காந்துக்கும், நாரு நாரா தழும்பு போடும்."

"தழும்பு போட்டா இடம் இன்னும் கெட்டியாகுமே."

"ஆகும். அதனால இன்னும் இழுக்கும்."

"யாராவது ஒருத்தர் முதல்ல விட்டுக்கொடுக்கணும்," என்றார் அவர். "நம்ம வீட்டுச் சண்டை மாதிரி." சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது.

சோதனைக்காக மருத்துவமனையில் நுரையீரலிலிருந்து ஒரு துண்டு எடுத்தார்கள். மிச்சத்தை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டபோது அவர் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் நாள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு குளிர்ப்பெட்டி வந்தது. பெயர் இல்லை. எண் அறுபத்தேழு, ஆண், வயது நாற்பத்தாறு, தொழில், கல் அறுத்தல். தேதியைப் பார்த்தாள். மேடத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் இந்த வேலையிலிருந்து தன்னை விலக்கிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு ஊற்றிய ஜெல்லை நான்கு தரம் சரிபார்த்தாள்.

விறைப்பான தட்டில் போட்ட செல்கள் நாலா பக்கமும் காலை ஊன்றி இழுத்துக்கொண்டு கிடந்தன. மெத்தென்ற தட்டில் போட்டவையும் முதலில் அப்படித்தான், பழைய பழக்கம் போகாமல் இழுத்தன. மூன்றாவது வாரம் மேடம் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, "அறுபத்தேழுல பாதிக்கு மேல அடங்கிடுச்சு. நல்ல ஆளு இவரு," என்றார். அவளும் குனிந்து பார்த்தாள். சின்னச் சின்னதாக ஒடுங்கி, ஒன்றையும் பற்றாமல் இருந்தன.

அதை வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டாள்.

கணவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப திரும்பி வர முடியுதுல்ல."

"அது தட்டுலங்க. நெஞ்சுக்குள்ள அப்படி மெத்தை போட முடியாது."

"சரி, சரி. முடியுதுன்னு தெரிஞ்சா போதும்."

அதற்குப் பிறகு அவள் கதவைத் திறந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிடும். "என் செல்லுக்கு இன்னைக்கு சிக்னல் எப்படி?" நன்றாக இருக்கிறது என்பாள். மாத்திரையை முகம் சுளிக்காமல் விழுங்கினார். ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டே ஜன்னல் வரை நடந்தார். வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டு, மூச்சு வாங்க வாங்க என்னவோ பேசினார்.

அடுத்த மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டியதாயிற்று. அவளும் கூடவே இருந்தாள். செல்களை வளர்க்கும் வெப்பப்பெட்டியின் அடியில் ஒரு தண்ணீர்த் தட்டு உண்டு. வாராவாரம் தண்ணீரை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்; மாற்றுவது அவள் பொறுப்பு. அந்த வாரம் யாருக்கும் அது நினைவில் இல்லை. திரும்பி வந்தபோது பெட்டி முழுக்கப் பூஞ்சை. அறுபத்தேழில், மெத்தென்ற தட்டிலும் விறைப்பான தட்டிலும், பஞ்சுபோல வெள்ளை படர்ந்திருந்தது. ஒரு பங்கை முன்கூட்டியே உறைய வைத்து எடுத்து வைக்கும் அளவுக்கு அந்தச் செல்கள் பெருகியிருக்கவில்லை.

"விடுங்க ஜெல்லக்கா, வேற சாம்பிள் வரும்," என்றார் மேடம். தட்டுகளில் பிளீச்சிங் திரவத்தை ஊற்றியது அவள்தான். செல்களுக்கு ஊட்டும் திரவத்தின் இளஞ்சிவப்பு நிறம் வெளுத்து வெறும் தண்ணீராயிற்று.

அன்றைக்கும் கதவைத் திறந்தாள். அவர் கேட்டார். குழாயின் சத்தத்தில் வார்த்தை தேய்ந்துதான் வந்தது.

"நல்லா இருக்குங்க."

இன்னும் ஐந்து வாரம் அதையே சொன்னாள். சில நாள் கூடுதலாகவும் சொன்னாள்: புதுத் தட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள், மேடம் படம் எடுத்திருக்கிறார். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை அசைப்பார். ஒரு காலை, அவள் வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருக்கும்போது, அவர் மூச்சு நின்றுவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து, வந்திருந்தவர்கள் போன பிறகு, மகள் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். "அம்மா, அப்பாவோட செல் உங்க லேப்ல உயிரோட இருக்குன்னு சொன்னாரு. அவரு போனாலும் அது இருக்கும்னாரு. எனக்கு ஒரு தடவை காட்டுவீங்களா?"

கணவர் மகளுக்கு இதைச் சொல்லியிருப்பார் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. இன்னொரு பொய் வாய்வரை வந்தது. வேறு யாருடையதையாவது காட்டியிருக்கலாம், குனிந்து பார்க்கிறவளுக்கு என்ன தெரியப்போகிறது.

"இல்லம்மா. அது செத்துப் போச்சு. அப்பா இருக்கும்போதே."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. தினமும் நல்லா இருக்குன்னுதான் சொன்னேன்."

மகள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். மறுநாள் மதியப் பேருந்தில் கிளம்பும்போது, "உடம்பைப் பாத்துக்குங்கம்மா," என்று மட்டும் சொன்னாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறாள். வாடகை வீட்டில் தண்ணீர் வராததைப் பற்றியும் பல்வலியைப் பற்றியும் பேசுகிறார்கள்.

ஜெல்லக்கா வேலைக்குப் போகிறாள். தண்ணீர்த் தட்டை இப்போது வாரத்துக்கு இரண்டு முறை மாற்றுகிறாள். புதுப்பெட்டி வந்தால் மேலேயுள்ள காகிதத்தைப் படிக்காமல் எண்ணை மட்டும் குறித்துக்கொள்கிறாள்.