மாத்திரை கைவிட்ட பிறகு

1995-ஆம் வருஷ மழைக்காலத்தில் என் இடது விலாவுக்குக் கீழே வயிறு கல்லாகக் கனத்தது. தி. நகரில் ஜாக்கெட் தைக்கும் கடையில் எனக்கு வேலை. மிஷினில் குனிந்தாலே மூச்சு முட்டும். அடையாறு ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, ரத்தப் புற்றுநோய் என்றார்கள். இரண்டு குரோமோசோம்கள் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டனவாம். அதனால் வெள்ளை அணுக்கள் அடங்காமல் பெருகுகின்றனவாம்.

மாத்திரை கொடுத்தார்கள். அணுக்கள் குறைந்தன. வயிற்றுக் கனமும் போனது. சபையில் எல்லோரும் ஆண்டவரைத் துதித்தோம்.

அடுத்த வருஷக் கடைசியில் விடாத காய்ச்சல். மாத்திரையைக் கூட்டியும் அணுக்கள் இறங்கவில்லை. மறுபடி சோதித்த டாக்டரம்மா, "குரோமோசோம்ல புதுசா இன்னொரு மாற்றம் வந்திருக்கும்மா. இனிமே இந்த மருந்து கேக்காது. கூடப் பிறந்தவங்க எலும்பு மஜ்ஜை பொருந்தினா மாத்தி வைக்கலாம்" என்றார்.

எனக்கு ஒரே தம்பி, மோசஸ். மயிலாப்பூரில் ஆட்டோ ஓட்டுகிறான். ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிறவன். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்து, எழுந்து போய்விட்டான். அப்புறம் வரவேயில்லை. அன்று நான் அழுத அழுகை ஆண்டவருக்குத்தான் தெரியும்.

"அவனை நான் வற்புறுத்த மாட்டேன் ஆண்டவரே. அவன் பயத்தை நீரே எடுத்துப்போடும்" என்று மட்டும் தினமும் ஜெபித்தேன். மெல்ல மெல்ல மனசு அடங்கியது.

ஒரு திங்கட்கிழமை காலை, வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"அக்கா, ஏறு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"பயமா இல்லியாடா?"

"பயமாத்தான் கீது. அதுக்கு இன்னா பண்றது? நீ என் கையப் புட்ச்சிக்க."

ரத்தம் எடுத்தபோது மயங்கியேதான் விழுந்தான். ஆனால் பொருத்தம் முழுசாக இருந்தது. வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் அவன் மஜ்ஜையை எனக்கு ஏற்றினார்கள். வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட இறங்காத நாட்கள் அவை. பக்கத்து அறைச் சகோதரி பிழைக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. அவளை நினைக்காமல் நான் ஜெபிப்பதில்லை.

மாதங்கள் கழித்து மறுபடி சோதனை. கெட்டுப்போன குரோமோசோம் ஒன்றுகூட இல்லை. டாக்டரம்மா சிரித்தார்: "உங்க மஜ்ஜையில இப்ப முழுக்க ஆம்பளை குரோமோசோம்தான் இருக்கு. எல்லாம் உங்க தம்பியோடது."

"அப்போ இனிமே அக்காவோட கோவத்துக்கும் நான்தான் பொறுப்பா டாக்டர்?" என்றான் மோசஸ்.

இப்போது 1999. மிஷினில் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். விடுமுறை நாளில் அடையாறு வார்டுக்குப் போய், பயந்திருப்பவர்கள் பக்கத்தில் உட்காருகிறேன். மருந்து கைவிட்டதென்று உங்களில் யாராவது கலங்கியிருந்தால், டாக்டரையும் விடாதீர்கள், ஜெபத்தையும் விடாதீர்கள். நடுங்குகிறவனையும் எழுப்பி அனுப்புகிற ஆண்டவர் அவர். நான் கேட்டேன். நீங்களும் கேளுங்கள்.