அவள் காதுக்கென்று ஒரு தனி வழி

என் மனைவிக்கு இடது காது முழுவதும் போய்விட்டது. வலது காதில் பாதிக்கும் குறைவாகத்தான் மிச்சம். பதுளை ஆஸ்பத்திரியில் காட்டி வாங்கிய காதுக் கருவி வீட்டுக்குள் நானும் அவளும் பேசிக்கொள்ள ஓரளவு உதவும். கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போனால் மணி, மேளம், பிள்ளைகளின் அழுகை எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். ஸ்பீக்கர் பக்கம் திரும்பினால் கருவியே கீச்சிடும். அதனால் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவாள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் பஜனைக் குழுவில் முன்பாட்டு அவளுடையது. கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொண்ட காலத்திலிருந்தே பாடுகிறாள். அவள் ஒரு வரி பாட, மற்ற ஏழு பெண்களும் அதைத் திருப்பிப் பாடுவார்கள். முந்தின வருஷத் திருவிழாவில் மூன்றாவது பாட்டிலிருந்து ஆர்மோனியம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் என்று போனார்கள். அவளுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

இந்த வருஷம் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்கு முன் குழுப் பெண்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஆர்மோனியம் வாசிக்கும் பெண்தான் பேசினாள்.

"அக்கா, இந்த தடவ நீங்க பிரசாதம் குடுக்குற பக்கம் நின்னுக்கங்களேன். நின்னு பாடுறது ஒங்களுக்கும் கஷ்டந்தானே?"

என் மனைவிக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் மறுபடி சொன்னாள். மூன்றாம் முறை கத்தியே சொன்னாள். கீழே லயத்து வரிசையில் ஆறு வீட்டுக்காரர்களும் கேட்டிருப்பார்கள். மெதுவாகச் சொல்ல வேண்டியதை அவளிடம் யாராலும் மெதுவாகச் சொல்ல முடிவதில்லை. நானும் இரண்டு வருஷமாக அவளிடம் கத்தித்தான் பேசுகிறேன். கோபம் இல்லாத பேச்சும் கத்தினால் கோபம் போலத்தான் இருக்கிறது.

"சரி" என்றாள் என் மனைவி. மூன்று பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அன்றிலிருந்து சமைக்கும்போது பாட்டு முணுமுணுப்பதை நிறுத்திவிட்டாள்.

சவுண்ட் செட்டுக்குச் சொல்லிவிட்டு வரும் வேலை கோயில் கமிட்டியில் என்னுடையது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவன் என்பதால் இப்படிப்பட்ட வேலைகள் என்னிடம் வந்து சேரும். பதுளை பஸாரில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் ஒருவர்தான் வழக்கமாக வருவார். நாற்பது வயதுக்காரர். இந்தத் தடவை நான் போனபோது அவர் கடை மேசையில் சத்தங்களைக் கலக்கும் புதிய மிக்சர் ஒன்று இருந்தது.

"டிஜிட்டல், மாஸ்டர். பழையதெல்லாம் கழிச்சாச்சி."

பழைய மிக்சருக்கு மேடையிலிருந்து கைப் பருமனில் ஒரு வயர்க் கட்டு வரும். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இதற்கு மேடையில் ஒரு பெட்டி. மைக் எல்லாவற்றையும் அதில் குத்திவிட்டால், கம்ப்யூட்டருக்குப் போடுவது போல ஒரே ஒரு மெல்லிய வயர் மிக்சருக்கு வரும். எல்லார் குரலும் அதற்குள் வந்துவிடுமாம். பெட்டியில் பதினாறு துளைகள். எங்களுக்குத் தேவை பதினொன்று: பாடுகிறவர்களுக்கு எட்டு, ஆர்மோனியத்துக்கு ஒன்று, டோலக்குக்கு ஒன்று, பூசாரிக்கு ஒன்று. ஐந்து மிச்சம் என்று ஆறுதல் பட்டேன். ஆனால் வயர் ஒன்றுதானே?

"அந்த ஒரு வயர யாரும் மிதிச்சிட்டா?"

"ஸ்பெயார் வயர் கொண்டாறேன்."

"அதையும் மிதிச்சிட்டா?"

"அப்ப நான் பாடுறேன் மாஸ்டர்" என்றார்.

சிரித்த பிறகு வீட்டு விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் மிக்சரின் பக்கம் கையைக் காட்டினார்.

"அம்மாக்குக் கூட்டத்துல பிரிச்சுக் கேக்க ஏலாது. அவ்வளவுதானே? இதுல ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா கலந்து அனுப்பலாம். வெளிய ஸ்பீக்கருக்குப் போறது ஒண்ணு, அம்மா காதுக்குப் போறது வேற ஒண்ணு. ஆர்மோனியமும் அவங்க குரலும் மட்டும், நல்லா கூட்டி, வலது காதுக்குக் குடுப்பம். வேற ஒண்ணும் போகாது."

பாட்டுப் பழகும் நாளன்று அவரே வந்து அவளைக் கூப்பிட்டார். மைக் எல்லாம் சரியா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று பொய் சொன்னார். இயர்போனை வலது காதில் அவளே செருகிக்கொண்டாள். ஆர்மோனியக்காரி ஒரு கட்டையை அழுத்தியதும் என் மனைவியின் முகம் மாறியது. யாரும் கேட்காமலே பாடத் தொடங்கினாள். நான் விரல்விட்டு எண்ணினேன்: நான்கு பாட்டு, ஓர் இடத்திலும் விலகவில்லை. ஆர்மோனியக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா, நீங்களே முன்பாட்டு பாடுங்க" என்று மைக்கிலேயே சொன்னாள்.

அன்றைய அளவுகளை எல்லாம் மிக்சருக்குள் சேமித்துவைத்தார் பதுளைக்காரர். ஒரு பட்டனை அழுத்தினால் அத்தனையும் அப்படியே திரும்பி வருமாம். அத்தோடு விட்டிருக்கலாம். நல்ல மனுஷர், மற்றப் பெண்களுக்கும் ஏதாவது செய்ய நினைத்தார். அவர்கள் காலடியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் பெட்டிகளில் தங்கள் குரல் எவ்வளவு வேண்டும் என்பதை அவரவர் போனிலேயே கூட்டிக் குறைக்கலாம் என்று சொல்லி, மிக்சரின் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தார். வெளி ஸ்பீக்கரின் அளவுகளும் அதே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அதைத் தொடவேண்டாம் என்றும் சொன்னார்.

திருவிழா அன்று பகல் பூசை முடிந்ததும் பஜனை. மண்டபத்துக்கு எதிரே பந்தலாகக் கட்டிய தறப்பாளின் கீழ் மிக்சர். அதன் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு, அந்த ஒரு வயரின் மீது கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவது பாட்டில் மிக்சர் மேலே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டைகளில் ஒன்று, யாரும் தொடாமல், தானாக மேலே ஏறியது. பிறகு இன்னொன்று. பிறகு மூன்று சேர்ந்து.

"மாஸ்டர், கை வெச்சீங்களா?"

"நான் கையைக் கட்டிக்கிட்டுதானே இருக்கேன்!"

அவர் கீழே தள்ளினார். அவை மறுபடி ஏறின. கூட்டத்தைப் பார்த்தேன். சாமி பக்கம் பார்க்காமல் போனைப் பார்த்துக் குனிந்திருந்த ஆண்கள் ஒன்பது பேர். பெண்கள் பாஸ்வேர்டைப் புருஷன்மாருக்கும் தம்பிமாருக்கும் கொடுத்திருக்கிறார்கள். மேல் கணக்கு, கீழ் கணக்கு என்று எங்கள் தோட்டம் இரண்டு பிரிவு. விளையாட்டுப் போட்டி முதல் தேர் இழுப்பது வரை எல்லாவற்றிலும் இரண்டுக்கும் போட்டிதான். மேல் கணக்கார் தங்கள் பெண்களின் குரலை ஒரு விரல் ஏற்ற, கீழ் கணக்கார் சும்மா இருப்பார்களா? இரண்டு விரல் ஏற்றினார்கள்.

ஸ்பீக்கர் ஊளையிட்டது. மலைக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். பெண்கள் ஏழு பேரும் பாட்டை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஆர்மோனியமும் நின்றது.

என் மனைவி மட்டும் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் காதுக்குப் போவது அந்தத் தள்ளுகட்டைகளுக்கு முன்னாலேயே பிரிந்துபோகும் தனி வழி. போனில் யார் எதை ஏற்றினாலும் அதில் ஒரு மயிரளவும் மாறாது. இதைப் பதுளைக்காரர் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆர்மோனியம் நின்றது அவளுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது. கண்ணைத் திறந்தாள். ஏழு பேர் வாய்மூடி நின்றார்கள். கூட்டமெல்லாம் மேடையைப் பார்த்தது. அவள் குரல் வரியின் நடுவில் அறுந்தது.

அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். தான் சுருதி தப்பிவிட்டதால்தான் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தாள். இயர்போனைக் கழற்றக் கையைக் கொண்டுபோனாள்.

பதுளைக்காரர் முதலில் வைஃபையை நிறுத்தினார். "ஐயோ, எல்லாம் நின்னுடுமே!" என்றேன். "போன் மட்டுந்தான் நிக்கும் மாஸ்டர், சத்தம் வயர்ல வருது" என்றபடி ஒரு பட்டனை அழுத்தினார். தள்ளுகட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சரசரவென்று ஓடித் தத்தம் பழைய இடத்தில் நின்றன. பிறகு மிக்சரில் செருகியிருந்த குட்டி மைக் ஒன்றை என் பக்கம் வளைத்தார்.

"இந்தப் பட்டன அமத்திட்டுப் பேசுங்க. வெளிய கேக்காது. அம்மா காதுக்கு மட்டுந்தான் போகும். கத்தாதீங்க, மெதுவா."

அழுத்தினேன். எத்தனையோ நூறு பேர் சுற்றி இருந்தார்கள். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

"இந்தாம்மா, நான்தான். ஒன்மேல பிழை இல்ல. ஸ்பீக்கர்தான் கத்துச்சு. நீ சரியாத்தான் பாடுன. பாடு."

அவள் கை காதருகில் நின்றது. எங்கிருந்து பேசுகிறேன் என்று தேடினாள். தறப்பாளின் கீழே என்னைக் கண்டாள். அவள் முன்னால் இருந்த மைக் திறந்தே இருந்தது.

"என்னாங்க, ஏன் ரகசியம் பேசுறீங்க?" என்று இரண்டு ஸ்பீக்கர்களிலும் கேட்டாள். "பகல் மாத்திரைய போட்டீங்களா?"

கூட்டம் சிரித்தது. "மாஸ்டர், மாத்திரைய போடுங்க!" என்று கீழ் கணக்குப் பக்கமிருந்து ஒரு குரல். "தண்ணி கொண்டாரவா?" என்று மேல் கணக்கிலிருந்து இன்னொன்று.

"சாப்பிட்டுட்டு போடுறேன்" என்றேன், அவள் காதுக்குள். "நீ பாடு."

ஆர்மோனியக்காரி கட்டையை அழுத்தினாள். என் மனைவி ஒரு கணம் கேட்டிருந்துவிட்டு, அறுந்த வரியின் தொடக்கத்திலிருந்து எடுத்தாள்.

"மாஸ்டர்" என்றார் பதுளைக்காரர். "விரல எடுங்க. நீங்க மூச்சு விடுறது அவங்களுக்குப் புயல் மாதிரி கேக்கும்."

பட்டனிலிருந்து விரலை எடுத்தேன். அதற்குள் அவள் மூன்றாவது வரிக்குப் போயிருந்தாள். ஏழு பேரும் திருப்பிப் பாடினார்கள். அதில் ஒருத்தி சுருதியை விட்டு விலகினாள். அது என் மனைவியைக் குழப்பாது. அவள் காதுக்கு ஆர்மோனியமும் அவள் குரலும் மட்டும்தானே போய்க்கொண்டிருந்தன.