நீலம் வெளுக்கக் கூடாது

உச்சி வெயில் ஏறும் நேரத்தில் வீரபாகு வாளியோடு மொட்டைமாடிக்கு ஏறுகிறார். வாளியில் நனைத்த எட்டு முழ வேட்டிகள் நான்கு. ஒவ்வொன்றாகப் பிழிந்து, உதறி, சோலார் பலகைகளின் மேல் விரிக்கிறார். காற்றில் பறக்காமல் இருக்க மூலைக்கு ஒரு கல். சுருக்கம் தெரிந்தால் நீவிவிடுகிறார். காய்ச்சல்காரக் குழந்தைக்கு ஈரத்துணி போடுகிற கவனம். பிறகு இறங்கிவந்து, கடமை முடிந்த நிம்மதியில் நன்றாகத் தூங்குகிறார்.

பிள்ளையார்பாளையத்தில் நாற்பது வருஷமாகப் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். தன் நகங்களின் சொந்த நிறம் அவருக்கே மறந்திருக்கும். சாயம் போட்ட பட்டை நிழலில்தான் உலர்த்த வேண்டும். தொழிலில் கற்ற இந்த ஒரு பாடத்தை உலகம் முழுவதற்கும் நீட்டிவிட்டார் மனிதர். சைக்கிள் சீட்டுக்குத் துண்டு போடுவார். ஜன்னலுக்கு எதிரே காலண்டர் மாட்டவிடமாட்டார். தெருவில் முன்பின் தெரியாத பெண்ணை நிறுத்தி, "புதுப் பொடவமா, நெழலாப் போமா, கலரு போயிடும்" என்பார். முறைத்தவர்கள் உண்டு. ஆனால் பலரும் நிழலுக்கு மாறிக்கொண்டுதான் போகிறார்கள்.

சோலார் வந்தது பக்கத்து வீட்டுக் காயத்ரியால். முழங்காலில் ஆபரேஷன் ஆனவள். இனி தறி மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, மிதிக்குப் பதிலாக மோட்டார் பொருத்தினாள். மின்வெட்டு அதையும் முடக்கியது. சும்மா இருப்பாளா? ஒன்பது தறி வீடுகளின் கதவைத் தட்டி, எல்லோரையும் சேர்த்துச் சோலார் போட வைத்தாள். தெருவிலேயே உயரமான மாடி வீரபாகுவுடையது. அவர் வீட்டில் தறியும் இல்லை, மோட்டாரும் இல்லை. இருந்தும் மாடியைக் கொடுத்து, காவலையும் தானே ஏற்றுக்கொண்டார். பலகைகள் ஏறிய அன்று கிட்டப் போய்ப் பார்த்து, "நல்ல அழுத்தமான நீலம்பா! எத்தினி தபா முக்கி எடுத்தானோ!" என்று வியந்தார்.

சித்திரை பிறந்ததும் விவகாரம் ஆரம்பித்தது. காலையில் ஒழுங்காக ஓடும் மோட்டார்கள் நடுப்பகலில் முனகி நின்றுவிடும். மெக்கானிக் தினகரன் இரண்டு முறை வந்தான். இரண்டு முறையும் காலையில் வந்தான். பழுது ஒன்றும் இல்லை என்றான். தெருவுக்குப் பொறுமை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கழற்றிவிடுவது என்று பேசி முடித்தார்கள். கழற்றினால் காயத்ரியின் கால் மறுபடி மிதிக்குத்தான் போக வேண்டும்.

இதைக் கேட்டு அதிகம் வருந்தியவர் வீரபாகுதான். கவனம் போதவில்லையோ என்று இன்னும் இரண்டு வேட்டிகளை நனைத்துக்கொண்டு ஏறினார்.

சனிக்கிழமை நடுப்பகலில் மோட்டார் நின்றதும், காயத்ரி சுவரைப் பிடித்துப் படிப்படியாக மாடிக்கு ஏறிவந்தாள். பலகைகள் மேல் ஆறு வேட்டிகளையும், கடைசி வேட்டியை நீவிக்கொண்டிருந்த வீரபாகுவையும் பார்த்தாள்.

"இன்னா மாமா இது?"

"வெயிலப் பாத்தியா காயத்ரி? இப்பிடி கொளுத்திக்கினு இருக்குது. நீலம் வெளுத்துப்போச்சின்னா அப்பாலே கரண்டு எங்கேர்ந்து வரும்?"

"ஐயோ மாமா! அந்த வெயில்லதான் கரண்டே வருது!"

வீரபாகு பலகையைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், கடைசியில் அவள் முழங்காலைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. கற்களை எடுத்துவிட்டு, வேட்டிகளை ஒவ்வொன்றாக உருவி வாளியில் போட்டார். கீழே ஒரு வீட்டில் மோட்டார் முனகியது. பிறகு இன்னொன்று. சற்று நேரத்தில் தெரு முழுக்கத் தறிச் சத்தம்.

திட்டுவதற்கென்று வாய் திறந்த காயத்ரிக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். பதற்றத்தில் செருப்பில்லாமல் மாடியின் நடுவரை வந்திருந்தாள். தளம் கொதித்தது. அந்தக் காலால் ஓடவும் முடியாது.

வீரபாகு வாளியிலிருந்து ஈர வேட்டி ஒன்றை எடுத்தார். உதறி, அவள் காலடியிலிருந்து படிக்கட்டு வரை நீளமாக விரித்தார். மூலைக்கு ஒரு கல் வைத்தார். குனிந்து சுருக்கத்தை நீவிவிட்டார்.