கரையில் நின்ற விரல்

கணவர் இறந்த மறுவருஷம், ஆதரவற்ற விதவை உதவித்தொகை வாங்கிக்கொண்டே நான் கூலிக்கு நெய்வதாக எவரோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள். தாசில்தார் விசாரணைக்குக் கூப்பிட்டார். பயத்தைவிட எனக்குக் கோபம்தான் அதிகம்.

"தறியில உக்காந்தியாமே?"

"ஆமா சார். பக்கத்து வூட்ல பிரசவம். அந்தம்மா எடத்துல பத்து நாள் சேலைக் கரைக்கு நூல் கோத்தேன். பிரசவ வூட்டுக்குக் கை குடுத்தா எங்க தெருவுல கூலி வாங்க மாட்டோம்."

"பத்து நாள்தான்னு யார் சொல்றது?"

கூட வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் அப்போது நெய்த பட்டுச்சேலையை மேஜைமேல் விரித்தார். கண்ணை மூடிக் கரையோரமாக விரலை ஓட்டினார். முந்தானையிலிருந்து ஒன்பதாவது மயிலில் விரல் நின்றது. "இதுவரைக்கும் பத்து நாள் வேலை, இவங்க கை சார். மீதி பூரா என் சம்சாரம்."

தாசில்தார் தடவிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. சேலையைச் சுருட்டிப் புரட்டிப் போட்டு, என்னையும் கண்ணை மூடித் தடவச் சொன்னார். ஓரிடத்தில் என் விரலும் நின்றது. கண்ணைத் திறந்து முந்தானையிலிருந்து எண்ணினேன். அதே ஒன்பதாவது மயில். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாகூட எழுந்து வந்துவிட்டார்.

"எப்படிய்யா தெரியுது?" என்று மெல்லக் கேட்டார் தாசில்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நூல் இழுப்பு ஜாஸ்தி சார். வூட்டுக்காரர் போனதுலேர்ந்து இவங்க கை இப்படித்தான் இறுகிக் கெடக்குது."