இளவரசியோடு போன க்ளெனிஸின் கோட்டு

க்ளெனிஸ் ஹெப்வொர்த்துக்கு அறுபத்திரண்டு வயது. அதில் நாற்பதைத் தடுப்புக் கம்பிகளில் சாய்ந்தே கழித்துவிட்டார். யார்க்ஷயர் பக்கம் அரச குடும்பத்தார் யார் எந்தப் பாலத்தைத் திறக்க வந்தாலும் முதல் வரிசையில் மடக்கு நாற்காலி, ஃப்ளாஸ்க், கொடி சகிதம் க்ளெனிஸ் இருப்பார். எங்கள் வாரப் பத்திரிகைக்கு அது பெரிய வசதி. கூட்டத்தில் யாராவது ஒருவர் "நம்மள்ல ஒருத்தி மாதிரி பேசுனாங்க" என்று சொல்லியாக வேண்டும். இளவரசி காரைவிட்டு இறங்குவதற்கு முன்பே க்ளெனிஸ் அதைச் சொல்லிவிடுவார்.

அவருடைய தனித் தேர்ச்சி இளவரசி ரோசமண்ட். மூன்று பிள்ளைகள், முப்பது தொண்டு நிறுவனங்கள், ஒரே கோட்டை மறுபடியும் போட்டுக்கொள்ளும் எளிமை. நாங்களும்தான் பத்து வருடமாக ஒரே கோட்டைப் போடுகிறோம், எங்களைப் பற்றி யாரும் சிறப்பிதழ் போட்டதில்லை. எந்தக் கம்மல் எந்த மருத்துவமனைத் திறப்பு விழாவுக்கு வந்தது என்று க்ளெனிஸைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

மகள் ப்ரையனி, முப்பத்துநாலு வயது, பள்ளியில் வரலாறு சொல்லித் தருகிறாள். அரச பரம்பரையே கூடாது என்று அட்டை பிடிக்கும் கோஷ்டி. காரணம் வரலாறு இல்லை. ஆறு வயதில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவள் ஆட்டுக்குட்டி வேஷம் போட்ட அன்று, அம்மா லண்டனில் ஒரு மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டிருந்தார், யாரோ ஒரு அரச குழந்தையைப் பார்க்க. திரும்பும்போது அந்தக் குழந்தையின் பெயர் போட்ட கோப்பை ஒன்றை வாங்கி வந்தார். ப்ரையனி இன்றுவரை அதில் பெயிண்ட் பிரஷ் கழுவுகிறாள்.

இப்போது அவளுக்கே நிறைமாதம். அவளுடைய துணைவன் ரோரிக்குக் கடல் நடுவே காற்றாலை பழுதுபார்க்கும் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் கரை. அதனால் பிரசவத்தின்போது பக்கத்தில் இருக்கப்போவது க்ளெனிஸ். அந்த வாரம் பார்த்துத்தான், குழந்தைகள் காப்பகத்துக்காக க்ளெனிஸ் நடத்தும் பழைய துணிக் கடைக்கு ரோசமண்ட் வருவதாக அரண்மனையிலிருந்து கடிதம் வந்தது.

"எனக்கு வலி வர்ற நேரத்துல நீ அங்க அவங்களுக்கு முட்டி மடக்கி வணக்கம் போட்டுட்டு நிப்ப, பாரு," என்றாள் ப்ரையனி.

"போன் கோட்டுப் பையிலேயே இருக்கும், கண்ணு. ஒரு மணி அடிச்சாப் போதும், ஓடி வந்துடுவேன்."

"ஆட்டுக்குட்டிக்கும் இதேதான் சொன்ன. இந்தத் தடவையும் வரலைன்னா, அப்புறம் குழந்தையப் பாக்கவும் வராத."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது க்ளெனிஸுக்குத் தெரியும்.

அந்த வியாழக்கிழமை தெரு முழுக்கப் புதுப் பெயிண்ட் வாசனை. கடைக்குள் க்ளெனிஸ் பச்சைக் கம்பளிக் கோட்டில் விறைப்பாக நின்றார். ரோசமண்ட் இரண்டு குளிர்காலத்துக்கு முன் போட்ட அதே மாதிரிக் கோட்டு, கடைக்கு நன்கொடையாக வந்தது, இளவரசியுடையதைவிட நான்கு அளவு பெரியது. பத்தரைக்குக் கார் வந்தது. கதவு திறந்தது. இறங்கிய ரோசமண்ட் மேலும் அதே பச்சைக் கோட்டு.

"ஐயையோ, மறுபடி போட்டுட்டாங்களே!" நாற்பது வருடத்தில் க்ளெனிஸுக்கு அந்த எளிமை பிடிக்காமல் போன ஒரே நாள் அது. விருந்தாளியைப் போலவே உடுத்தி நிற்பது மரியாதையா? பின்னறைக்கு ஓடிக் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, பனியன் துணிச் சட்டையோடு வந்து முட்டி மடக்கினார்.

போன் கோட்டுப் பையிலேயே இருந்தது.

இளவரசி பின்னறையில் குழந்தைத் துணிகளைப் பிரித்து அடுக்கினார். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார், சாய்த்தபடியே சிரித்தார். துணிக்கு நீராவி அடிக்கும் இயந்திரத்தின் புழுக்கம் தாங்காமல் அவரும் கோட்டைக் கழற்றினார், பக்கத்துக் கொக்கியில் மாட்டினார். கிளம்பும் அவசரத்தில் கூட வந்த தோழி ஒரு பச்சைக் கோட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார். கார்கள் போய்விட்டன.

நான் கடை வாசலில் செய்தி தட்டிக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து அலறல். போய்ப் பார்த்தால் க்ளெனிஸின் ஒரு கை கோட்டுக்குள் முழங்கையோடு சிக்கி நிற்கிறது.

"கை போகமாட்டேங்குது! இது அவங்களோடது! என் போன் அவங்ககிட்ட இருக்கு!"

என் போனை வாங்கித் தன் எண்ணுக்கே அடித்தார். எடுக்கவில்லை, வேறு அழைப்பில் இருந்தது. நான்காவது தடவை எடுத்தார்கள்.

"க்ளெனிஸா? ரோசமண்ட் பேசறேன். உங்க கோட்டு திடீர்னு தேசிய கீதம் பாட ஆரம்பிச்சிருச்சு. முன் சீட்டுல இருந்த காவலர் விறைச்சு உக்காந்துட்டார். பன்னண்டு நிமிஷமா உங்க பொண்ணுகூடத்தான் பேசிட்டிருக்கேன். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா, மூணு நிமிஷத்துக்கு ஒரு வலி. என்னைய ரொம்பத் திட்டறா."

"ஐயோ, மேடம், அவ அப்படித்தான்..."

"நல்லதுதான், திட்டினா மூச்சு சரியா வருது. எனக்கு மூணு பிரசவம், மூணுலயும் திட்டினேன். நீங்க கிளம்புங்க, அதுவரைக்கும் நான் பேசிட்டிருக்கேன்."

க்ளெனிஸின் கார் தடுப்புக் கம்பிகளுக்குள் சிக்கியிருந்தது. அதற்குள் ஒரு காவல் அதிகாரி ஓடி வந்தார். இளவரசியும் ஆட்களும் கோட்டை மாற்ற அரை மணியில் திரும்பி வருகிறார்கள், படமும் எடுப்பார்கள், க்ளெனிஸ் இங்கேயே இருக்க வேண்டும் என்றார்.

இளவரசியோடு படம். நாற்பது வருடக் கம்பிச் சாய்வுக்குக் கிடைத்த சம்பளம். க்ளெனிஸ் அந்தக் கோட்டைப் பார்த்தார். ஒரு நொடி என்று எழுதினால் பொய், மூன்று நொடி பார்த்தார். பிறகு அதை அதிகாரியின் கையில் திணித்தார்.

"நீயே போட்டுட்டு நில்லு, கண்ணு. உனக்குப் பச்சை நல்லா இருக்கும்."

என் கார் கம்பிகளுக்கு வெளியே நின்றது. வழி நெடுக, சிவப்பு விளக்கு ஒவ்வொன்றையும் க்ளெனிஸ் திட்டினார். மகளின் திட்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது.

பிரசவ வார்டில் ப்ரையனி போனைக் காதில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். "உங்க அரண்மனையில அறுநூறு ரூம் எதுக்கு?" அம்மாவைப் பார்த்ததும் போன் படுக்கையில் விழுந்தது.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்டி."

"படம் எடுத்தியா அவங்ககூட?"

"கையப் பிடி. மூச்ச விடு."

ஒன்றரை மணி நேரத்தில் பெண் குழந்தை. மறுநாள் க்ளெனிஸின் கோட்டு சுத்தமாகச் சலவை செய்யப்பட்டு வந்து சேர்ந்தது, பையில் போனும் பாதி தின்ற மிட்டாய்ப் பொட்டலமும் அப்படியே. மிட்டாய் இரண்டு குறைந்திருப்பதாக க்ளெனிஸ் சாதிக்கிறார்.

அடுத்த வாரம் ப்ரையனி வீட்டுக்குப் போனேன். அட்டைகள் இன்னும் கூடத்து மூலையில்தான் சாய்ந்திருந்தன. கருத்து ஏதும் மாறியதா என்று கேட்டேன்.

"ஒண்ணும் மாறல. மொத்தத்தையும் ஒழிக்கணும்," என்றாள் குழந்தையைத் தோளில் தட்டியபடி. "அந்தப் பொம்பளைக்கு மட்டும் பிரசவ வார்டுல ஒரு வேலை போட்டுக் குடுத்துடலாம்."

சமையலறையிலிருந்து க்ளெனிஸ் எட்டிப் பார்த்தார். கையில் அந்தப் பழைய கோப்பை. பெயிண்ட் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அத விடும்மா, அது பிரஷ்ஷுக்கு," என்றாள் ப்ரையனி. "டீ வேற கோப்பையில போடு. ரெண்டா போடு, உனக்கும் சேத்து."