ராணிக்குத் தெரியும்

எங்கள் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாக ஒரு மருந்துச் சீட்டு புழக்கத்தில் இருந்தது. எந்த மெடிக்கலில் கொண்டுபோய் நீட்டினாலும் அதற்கு மருந்து கிடைக்காது. "வழக்கம் போல. ராணிக்குத் தெரியும்." டாக்டர் ஆல்பர்ட் வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த ராணி நான்தான். முழுப்பெயர் ஜெபராணி.

கோம்பையில் இருபத்தைந்து கட்டில் உள்ள சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் காலையில் இங்கே வருவார், மத்தியானத்துக்கு மேல் அவருக்கு அல்லிநகரத்தில் சொந்த கிளினிக். இருபத்தைந்து கட்டிலையும் அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டுக் காரில் ஏறிவிடுவார். நோயாளியின் ஷீட்டில் பாதிதான் எழுதியிருக்கும். எந்த ஊசி, எவ்வளவு, எத்தனை வேளை என்கிற மீதிப் பாதி என் தலைக்குள் இருந்தது. சின்ன நர்சுகள் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வருவார்கள்.

"யக்கா, வழக்கம் போலன்னு சொல்லிட்டுப் போயிட்டாக. என்ன குடுக்க?" என்பாள் தேவயானி.

உடனே சொல்ல மாட்டேன். டீயைக் குடித்து முடிப்பேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பேன். அப்புறம்தான் வாயைத் திறப்பேன். அவளை அப்படி நிற்கவைப்பதில் ஒரு சுகம் இருந்தது, மறைப்பானேன். என் அப்பா மிக்கேல் திராட்சைப் பந்தலில் கூலி வேலை பார்த்தவர். நான் பத்தாவது முடித்துவிட்டு, கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு வருடப் பயிற்சியில் ஊசி போடக் கற்றுக்கொண்டவள். கல்யாணத்துக்குப் போட்ட ஆறு பவுனைவிட அந்த "ராணிக்குத் தெரியும்" எனக்குப் பெரிய நகையாக இருந்தது.

அதைப் பறிக்கத்தான் ஷெரின் வந்தாள்.

குமுளிக்காரி. அம்மா தமிழ், அப்பா மலையாளம். இருபத்துநாலு வயது, பி.எஸ்சி. நர்சிங். வந்த முதல் நாளே எல்லாருக்கும் நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுவந்தாள். எனக்கு வாயுத் தொல்லை என்று சொல்லி நான் எடுத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் கறுக்மொறுக்கென்று தின்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் ரவுண்ட்ஸிலேயே ஆரம்பித்துவிட்டாள். ஐந்தாம் கட்டிலில் டாக்டர் தன் வாசகத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்தார். இவள் நகரவில்லை.

"சார், எந்த மருந்து? எத்தனை மில்லி?"

"ராணிக்குத் தெரியும்மா."

"ராணி சேச்சிக்குத் தெரியும் சார். ஷீட்டுக்குத் தெரியலையே. சேச்சி லீவு போட்டா நான் யார்கிட்ட கேக்கறது?"

வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று ஆசையாகக் காத்திருந்தேன். டாக்டர் சிரித்தார். பத்தொன்பது வருடத்தில் அந்த மனிதரின் கடைவாய்ப் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே அவளிடம் பேனாவை வாங்கி, மருந்தின் பெயர், அளவு, வேளை என்று ஒழுங்காக எழுதிக் கொடுத்தார்.

அன்றைக்குப் பற்றியதுதான் என் வயிறு. அவள் தினமும் டாக்டர் சொல்வதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பாள். விட்டுப்போனதைப் போன் போட்டுக் கேட்டு எழுதுவாள். கொஞ்ச நாளில் தேவயானியும் என் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். "ஷீட்லயே இருக்குக்கா" என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போவாள். யாராவது கேட்டு வருவார்களா என்று டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது ஆறி ஆடை படிந்துவிடும். நோயாளிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "அந்தக் குமுளிப் புள்ளைய வரச் சொல்லும்மா, வலிக்காமப் போடும்" என்பார்கள், என்னிடமே.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் டாக்டரிடம் போனேன்.

"அந்தப் புள்ள ஒண்ணொண்ணுக்கும் போன் போடுது சார். உங்களுக்குத் தொந்தரவா இருக்கும்ல?"

"பரவால்ல ராணி, கேக்கட்டும்."

அன்றைக்கு வீட்டில் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். அமல்ராஜ், என் வீட்டுக்காரர், மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார்.

எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு நாலு நாள் லீவு எடுத்தேன். திரும்பி வந்த காலையில் மூன்றாம் கட்டிலில் சங்கிலியம்மாள் படுத்திருந்தாள். சர்க்கரைக்காரி. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை கால் புண்ணோடு வந்து படுப்பாள். நான் லீவில் போன அன்றைக்கே வந்து சேர்ந்திருக்கிறாள். "ஏத்தா ராணி, வந்துட்டியா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அது ஷெரின் பார்க்கிற கட்டில்.

டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து அவசரமாகக் கிளம்பினார். ஷெரின் அடுத்த கட்டிலில் ட்ரிப் மாற்றிக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்.

"சங்கிலியம்மாளுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தி இன்சுலின் வழக்கம் போலப் போட்டுரு ராணி. உனக்குத்தான் தெரியுமே."

எத்தனை மாதமாயிற்று அதைக் கேட்டு! அவள் பக்கத்தில் இருக்கும்போதே அவளை விட்டுவிட்டு என்னிடம் சொன்னார். அந்தக் காலை முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சங்கிலியம்மாளுக்கு வழக்கம் இருபது யூனிட். எப்போது வந்து படுத்தாலும் அதுதான். ஷீட் கட்டில் கம்பியில்தான் தொங்கியது. நான் அதைத் தொடவில்லை. தொட்டால் அப்புறம் எனக்கும் ஷெரினுக்கும் என்ன வித்தியாசம்? சிரிஞ்சில் இருபதை இழுத்துக்கொண்டு போய், கிழவியின் கையைப் பஞ்சால் துடைத்தேன். அப்போது ஷெரின் வந்தாள்.

"எத்தனை எடுத்தீங்க சேச்சி?"

"இருவது."

"ஷீட்ல பன்னெண்டு, சேச்சி. ரெண்டு நாள் முன்னாடி சுகர் ரொம்ப இறங்கி, வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டாங்க. கிட்னி சரியில்லைன்னு சார் குறைச்சுட்டாரு."

புத்தியுள்ளவள் அங்கேயே சிரிஞ்சைக் கீழே வைத்திருப்பாள். எனக்கு அந்த நேரத்தில் புத்தி எங்கே இருந்தது?

"டாக்டர் எங்கிட்ட நேர்ல சொன்னாக, வழக்கம் போலன்னு. உங்கிட்டயா சொன்னாக?"

நான் துடைத்த இடத்தில் அவள் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள். "ஒரே ஒரு போன், சேச்சி. அப்புறம் போடுங்க."

"என்னத்துக்குடி சண்ட போடுறீக?" என்றாள் சங்கிலியம்மாள். "யாராச்சும் ஒருத்தி குத்திவிடுங்க. எனக்குப் பசிக்குது."

ஷெரின் போனை ஸ்பீக்கரில் போட்டாள். டாக்டர் காரில் இருந்தார்.

"சார், சங்கிலியம்மாளுக்கு வழக்கம் போலன்னு ராணி சேச்சிகிட்ட சொன்னீங்களாம்."

"ஆமா. ராணிக்குத் தெரியும்ல?"

எப்படி என்று ஜெயித்தவள் மாதிரி அவளைப் பார்த்தேன்.

"எத்தனை யூனிட் சார்?"

போனில் ஒரு லாரி ஹாரன் கேட்டது. டாக்டர், "ஷீட்ல என்ன எழுதியிருக்கு?" என்றார்.

"பன்னெண்டு."

"அப்ப அதத்தான் போடணும். அதையே போடுங்க."

என் சிரிஞ்சில் எட்டு யூனிட் அதிகமாக இருந்தது. அது உள்ளே போயிருந்தால் கிழவி மயங்கியிருப்பாள், எழுந்திருப்பாளோ என்னவோ. அது முதலில் உறைத்தது. அந்த எட்டை வெளியே தள்ளினேன். அப்புறம் இன்னொன்றும் உறைத்தது. டாக்டருக்கு அளவு ஞாபகமில்லை. பத்தொன்பது வருடமாக எதையும் அவர் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ராணி இருக்கிறாள் என்று விட்டுவிட்டார். நான் அதைப் போய் நகை என்று போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஷெரின் யாரிடமும் மூச்சு விடவில்லை. தேவயானிக்குக்கூடத் தெரியாது. நானாக இருந்தால் வாட்ச்மேன் வரைக்கும் சொல்லியிருப்பேன். டாக்டரிடம் போனில் கேட்டு உறுதி செய்ததாக ஷீட்டில் எழுதி, எங்கள் இரண்டு பேர் பெயரையும் போட்டாள். என் பெயர்தான் முதலில். அதற்கும் எனக்கு அவள்மேல் ஆத்திரம்தான் வந்தது. போட்டுக் கொடுத்திருந்தாலாவது வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும்.

மறுநாள் ரவுண்ட்ஸில் ஏழாம் கட்டில். "வழக்கம் போல. ராணிக்குத் தெரியும்" என்று டாக்டர் நகர்ந்தார்.

"தெரியாது சார்" என்றேன். "எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பேனாவை வாங்கினார், எழுதினார், அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஷெரின் கேட்டபோது சிரித்தவர், எனக்குச் சிரிக்கவில்லை. ஷீட்டைக் கையில் எடுத்து, அளவை இரண்டு தடவை படித்துவிட்டு, ஊசியை எடுக்கப் போனேன்.